கடைசி இலக்கம்

ரீடிங் அண்ணா ஒரு மூன்றிலக்க எண்ணை எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், முதல் இரண்டு இலக்கங்களும் கை தானாகப் போட்டவை என்று தெரியும். மூன்றாவதற்கு வரும்போது பேனா காகிதத்துக்கு ஒரு நூல் உயரத்தில் நின்றுவிடும். அதே நேரம் இடது கட்டைவிரல், அந்தப் பத்தியில் ஏற்கெனவே எழுதியிருக்கும் எண்களைத் தொட்டுக்கொண்டே கீழிருந்து மேலே ஏறும். உச்சிவரை போய்த் திரும்பி வந்த பிறகுதான் பேனா இறங்கும். 697. அதற்கு மேலே 684, 702, 691. பூஜ்யத்திலோ ஐந்திலோ முடியும் எண் அந்தப் பக்கத்தில் இருக்காது. ஒரே எண் இரண்டு முறை இருக்கவே இருக்காது. அந்தக் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில், எத்தனை கழுவினாலும் போகாத நீல மை பிறைபோலத் தங்கியிருந்தது.

எங்களுடையது கட்டடப் பொருட்களைச் சோதிக்கும் கூடம். எங்கேயாவது ஒரு தூணோ தளமோ போடும்போது, அதே கலவையில் கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் ஊற்றிச் சதுரக் கட்டியாக்குவார்கள். நாங்கள் அதை ‘கியூப்’ என்போம். இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறிய கியூபை எங்களிடம் கொண்டுவருவார்கள். இயந்திரத்தின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவோம். உள்ளே ஏதோ எலும்பு முறிவதுபோல ஒரு சத்தம் கேட்கும். அந்தக் கணத்தில் பெட்டியில் சிவப்பாக எரியும் எண்தான் ரீடிங். கட்டடம் நிற்குமா என்பதை அந்த எண் சொல்ல வேண்டும்.

பாதிக்குப் பாதி கியூப் வராது. தொலைபேசிதான் வரும். “அச்சு கிடைக்கல சார், ரிப்போர்ட்டை மட்டும் போட்டுக் குடுத்துடுங்க.” அப்போதுதான் அண்ணா பதிவேட்டைத் திறப்பார்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாமல் கேட்டேன்.

“அண்ணா, இந்த கியூப் எங்க இருக்கு?”

“எந்த கியூப்?”

“இப்ப எழுதினீங்களே, அறுநூத்தி தொண்ணூத்தி ஏழு.”

“அது எங்கயும் இல்ல தம்பி. அது இன்னும் பொறக்கவே இல்ல.” பதிவேட்டில் மையை ஊதிக் காயவைத்தார். “பொறக்காமலே வயசு இருபத்தெட்டு நாள். குடுத்து வெச்ச ஜென்மம்.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் மேசையிலிருந்த கவிதைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். “என்ன தம்பி இது, எல்லா வரியும் பாதியிலயே நின்னுடுது? மிச்சப் பேப்பரை என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்.

கை பழகிய பழக்கம் வாய்க்கும் பழகிவிட்டிருந்தது. மணி கேட்டால் ஏழேகால் என்று சொல்லமாட்டார், ஏழு பதினாலு என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு அறை, மாடிப்படிக்கு அடியில் சமையலறை. அண்ணி என்னிடம் குறைபட்டுக்கொண்டார்கள்.

“பொண்ணுக்கு ஜுரம் தம்பி. நூத்தி ஒண்ணு காட்டுது, என் கண்ணால பாத்தேன். டாக்டர் கேக்குறாரு, இவரு நூத்தி ஒண்ணு புள்ளி மூணுங்கிறாரு. பெத்த பொண்ணோட ஜுரத்தையே திருத்திச் சொன்ன மனுஷன்!”

“நூத்தி ஒண்ணுன்னு மொட்டையா சொன்னா டாக்டர் நம்ப மாட்டாருடி” என்றார் அண்ணா, தரையைப் பார்த்துக்கொண்டு.

“ஆமா, அவரு உங்களை ஆடிட் பண்ண வந்திருக்காரு பாருங்க.”

‘ரீடிங்’ என்ற பெயர் கல்லூரியில் வந்தது. வைத்தவர் எங்கள் முதலாளி. இருவரும் ஒரே வகுப்பு, ஒரே விடுதி. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதலாளி அந்தக் கதையைச் சொல்லுவார். எனக்குச் சொன்னபோது அண்ணாவையும் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டார்.

“இவன் யாருன்னு தெரியுமா? எங்க கிளாஸ்மேட். ஹாஸ்டல் கட்டில்ல மல்லாந்து படுத்துக்கிட்டே எக்ஸ்பெரிமெண்ட் பண்ணுவான். இரும்பைத் தொடமாட்டான், மெஷினைப் பாக்கமாட்டான், ரீடிங் மட்டும் டாண்ணு வந்துடும். நாங்க நாப்பது பேரும் அதைப் பாத்து எழுதினோம். பிராக்டிகல் பரீட்சைக்கு வெளியிலேருந்து ஒரு ஆள் வந்தாரு. எங்க நோட்டை ஒவ்வொண்ணா புரட்டுறாரு. எழுபத்தி நாலு, எழுபத்தி நாலு, எழுபத்தி நாலு, எழுபத்தி நாலு! ‘அஞ்சு தடவை அடிச்சதுல நாலு தடவை ஒரே நம்பரா? எவன்டா இதைச் சமைச்சது?’ன்னாரு. நாப்பது கையும் இவன் பக்கம் நீண்டுச்சு. சாப்பிட்டவன் எல்லாம் பாஸு, சமையல்காரன் ஃபெயிலு!” முதலாளி மேசையைத் தட்டிச் சிரித்தார். “அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், லேப் ஆரம்பிச்சா இவனைத்தான் வெக்கணும்னு. இந்தக் கை எவனுக்கு வரும்?”

எல்லோரும் சிரித்து முடிக்கும் நேரத்தில் அண்ணாவும் சிரித்தார், பந்திக்குக் கடைசியாக வந்தவரைப்போல.

அந்த ஒரு பாடம் அப்படியே பாக்கி நின்றுவிட்டது. ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதியிருக்கலாம். கல்லூரி வாசல்வரை போனாராம், உள்ளே நுழையவில்லையாம். அதற்கடுத்த முறை காய்ச்சல் என்றார். பிறகு அவகாசமே முடிந்துபோனது. அவரைப் பார்த்து எழுதிய நாற்பது பேரும் பொறியாளர்கள். ஒருவர் பாலம் கட்டுகிறார், ஒருவர் கல்லூரி முதல்வர், ஒருவர் எங்கள் முதலாளி. அவர்களோடு நான்கு வருடம் படித்த அண்ணாவிடம் பட்டம் மட்டும் இல்லை.

பட்டம் இல்லாததால் இருபத்திரண்டு வருடமாகியும் ஒரு ரிப்போர்ட்டில்கூட அவர் கையெழுத்துப் போட முடியாது. எழுதுவார், கையெழுத்து வேறு ஒருவர் போடுவார். அதற்கென்றே ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ‘கையெழுத்து சார்’ என்றே எல்லோரும் அழைத்தோம். இரண்டு கண்ணிலும் புரை. எங்கே போட வேண்டும் என்று அண்ணா விரல் வைத்துக் காட்டுவார், விரலுக்குப் பக்கத்தில் சார் போடுவார். ஒருமுறை விரல்மேலேயே போட்டுவிட்டார்.

போன வருடம் கையெழுத்து சாரின் மகன் வந்து, இன்னும் நாலைந்து மாதத்துக்குமேல் அப்பாவை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். அதே மாதம் பல்கலைக்கழகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பழைய பாடங்களைப் பாக்கி வைத்தவர்கள், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், ஒரே ஒருமுறை எழுதலாம். இதன் பிறகு வாய்ப்பு இல்லை.

அண்ணா அதைத் தன் தொலைபேசியில் திறந்து முதலாளியின் மேசைமேல் வைத்தார். நானும் அங்கே நின்றிருந்தேன்.

“போயேன்டா” என்றார் முதலாளி. “பாஸானா ஜன்னலோரச் சேர் உனக்கு. இல்லேன்னா...” சுற்றிப் பார்த்து என்னைக் கண்டுபிடித்தார். “இல்லேன்னா நம்ம தம்பிக்கு. டிகிரி இருக்குல்ல?”

“இருக்கு சார்” என்றேன்.

மாலையில் பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அண்ணா என் பக்கம் வந்தார்.

“தப்பா நெனைக்காத தம்பி. சம்பளத்துக்காக இல்ல. கையெழுத்து என்னுதா இருந்தா, பொறக்காத கியூபுக்குப் போடமாட்டேன். ‘கொண்டுவந்து வெச்சுட்டுப் பேசு’ம்பேன். அவனால என்ன பண்ண முடியும்? என் கையெழுத்து இல்லாம ரிப்போர்ட் வெளிய போகாதுல்ல?”

இருபத்திரண்டு வருடத்தில் அவர் யாரிடமும் ‘மாட்டேன்’ என்று சொல்லி நான் மட்டுமல்ல, யாருமே கேட்டிருக்கமாட்டார்கள். சொல்லிப் பார்த்துக்கொள்வதைப்போல இன்னொரு முறை மெதுவாகச் சொன்னார்: “மாட்டேன்.”

இரண்டு மாதம் படித்தார். மகளின் மேசையில் மகளுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து படித்தார். அவளுக்கும் அந்த வருடம்தான் பள்ளி இறுதித் தேர்வு. “அப்பா என்னைவிட சத்தமா படிக்கிறாரும்மா” என்று அவள் புகார் சொன்னாள். நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டு, பெயர், பாடம், ஆண்டு என்று எழுதினார். வகுப்பு என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் கோடு போட்டுவைத்தார். அண்ணி புதுச் சட்டை எடுத்துவைத்தார்கள்.

தேர்வன்று என் வண்டியில்தான் போனோம். அவர் படித்த அதே கல்லூரி. ஆய்வகத்தில் அவர் நுழைந்ததும் உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று “குட்மார்னிங் சார்” என்றார்கள். தேர்வாளர் என்று நினைத்துவிட்டார்கள். அண்ணா பதறிப்போய், “உக்காருங்கப்பா, உக்காருங்க, நானும் உங்க கூடத்தான்” என்றார். பின்வரிசையில் ஒருவன் சிரிப்பை அடக்க இருமினான்.

நான் வராந்தாவில் நின்றேன். கம்பி வலை போட்ட ஜன்னல், உள்ளே நடப்பது எல்லாம் தெரிந்தது. பெட்டியிலிருந்து ஆளுக்கொரு சீட்டு எடுத்தார்கள். அண்ணா தன் சீட்டைப் பிரித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜன்னலை ஒட்டியிருந்த பெரிய இயந்திரத்திடம் வந்தார்.

அது இரும்பின் உறுதியைப் பார்க்கும் இயந்திரம். விரல் நீள இரும்புத் துண்டில் ஒரு வெட்டு போட்டுப் பிடியில் இறுக்குவார்கள். மேலே தூக்கி நிறுத்திய கனத்த சுத்தியல் ஊஞ்சல்போல இறங்கி வந்து அதை முறித்துக்கொண்டு போகும். முறிக்க எவ்வளவு சக்தி போயிற்று என்பதை வட்டத் தகட்டில் ஒரு முள் காட்டும். சுத்தியல் திரும்பி வந்தாலும் முள் நின்ற இடத்திலேயே நிற்கும், நாம் கையால் தள்ளும்வரை.

அண்ணா சட்டைக் கையை மடித்துவிட்டார். துண்டை வைத்தார், இறுக்கினார், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னார், விட்டார். டங். முள்ளைப் பார்த்து 58 என்று எழுதினார். இரண்டாவது துண்டு. டங். முள்ளைப் பார்த்தார். ஜன்னலிலிருந்து எனக்கே தெரிந்தது, அதே இடம். பேனா 5 என்று போட்டுவிட்டு நின்றது. இடது கட்டைவிரல் பத்தியில் ஏறியது. ஏறுவதற்கு ஒரே படிதான் இருந்தது. பேனா இறங்கியது. மூன்றாவது துண்டுக்கும் முள் அங்கேயே போய் நின்றது. மறுபடி கட்டைவிரல்.

தேர்வாளராக வந்திருந்த அம்மா அருகே வந்தார். முப்பத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. நோட்டைப் பார்த்தார்.

“ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, அறுபத்தொண்ணு. சார், இந்தத் தகட்டுல ஒரு கோட்டுக்கு எவ்வளவு?”

“ரெண்டு, மேடம்.”

“அப்போ ஐம்பத்தேழு எப்படி வரும்? அறுபத்தொண்ணு எங்கேருந்து வந்துச்சு?” முள்ளைக் காட்டினார். “இன்னும் தள்ளக்கூட இல்ல. பாருங்க, ஐம்பத்தெட்டுலதான் நிக்குது.”

அண்ணா முள்ளைப் பார்த்தார். பிடிபட்டவரின் முகமாக அது இல்லை. நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் எல்லோர் முன்னாலும் தன்னைக் காட்டிக்கொடுத்ததைப்போலப் பார்த்தார்.

அந்த அம்மா நல்லவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பரவாயில்ல சார். ரெண்டையும் அடிச்சிடுங்க. இன்னொரு துண்டு தர்றேன். என்ன வருதோ அதை எழுதுங்க, போதும். நான் மார்க் போட்டுடுறேன்.”

நான்காவது துண்டு. டங். முள் ஐம்பத்தெட்டில் நின்றது.

“எழுதுங்க சார்.”

அண்ணா 5 எழுதினார். பேனா ஒரு நூல் உயரத்தில் நின்றது. ஆய்வகத்தில் மற்ற இயந்திரங்களின் சத்தமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. கட்டைவிரல் அந்தப் பத்தியை விட்டு நகரவில்லை.

“இதையும் சேத்தா நாலு தடவை ஒரே நம்பர் ஆயிடும் மேடம்.”

“ஆகட்டுமே.”

“யாரும் நம்ப மாட்டாங்க.”

“நான் பக்கத்துலயே நிக்கிறேனே சார், நான் நம்புறேன். எட்டுன்னு எழுதுங்க.”

“அப்படித்தான் சொல்லுவீங்க” என்றார் அண்ணா. மரியாதையாகத்தான் சொன்னார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். வெறும் 5-ஓடு நின்ற நோட்டை அவரிடம் நீட்டி, “வேணாம் மேடம்” என்று வெளியே வந்துவிட்டார். அந்த அம்மா வாசல்வரை பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. அண்ணா திரும்பிப் பார்க்கவில்லை.

அப்படியே என் வண்டியில் ஏறிக்கொண்டார். வீட்டு முனையில் இறங்கி, “மணி என்ன தம்பி?” என்றார்.

“பன்னெண்டரை அண்ணா.”

அதைத் திருத்தாமல் நடந்து போனார்.

முடிவு ஒரு மாதம் கழித்து வந்தது. அவர் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். மறுநாள் ஜன்னலோர மேசையிலிருந்த கையெழுத்து சாரின் கண்ணாடிக்கூட்டையும் மாத்திரை டப்பாவையும் ஒரு பையில் போட்டு முதலாளி என் கையில் கொடுத்தார். “இதை அவரு வீட்டுல சேத்துடு. நாளைலேருந்து நீ இங்க.”

அந்த நாற்காலியில் உட்கார்ந்து ‘மாட்டேன்’ என்று நானும் சொல்லியிருக்கலாம். அதை எனக்கு ஒருவர் ஏற்கெனவே சொல்லிக் காட்டியும் இருந்தார். முதல் வாரமே ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ஆறு கியூப் வராமல் ரிப்போர்ட் வந்தது. “இதுக்கு கியூப் வரலையே” என்று கேட்டேன். அண்ணா என் முன்னால் நின்றார், பதிவேட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு.

“வரல சார்” என்றார்.

அன்றுதான் முதல் முறையாக என்னை சார் என்று கூப்பிட்டார். தம்பி என்றே சொல்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எங்கே போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டிவிட்டார். நகத்தோரத்தில் அந்த நீலப் பிறை. அதற்குப் பக்கத்தில் போட்டேன். இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு முப்பது போடுகிறேன். அவர் விரல் வைப்பதில்லை, எனக்கே இடம் தெரியும்.

வீட்டில் அண்ணி பேச்சைக் குறைத்துவிட்டார்கள். பழுப்பு அட்டை நோட்டின் மிச்சப் பக்கங்களில் மகள் கணக்குப் போட்டுப் பழகுகிறாள். அவளும் எங்கள் படிப்பையே படிக்கப்போகிறாளாம். “வேணாம்னு சொன்னீங்களா?” என்று அவரிடம் கேட்டேன். “சொன்னா கேக்கவா போறா சார்” என்றார். சொல்லியிருக்கவே மாட்டார்.

சென்ற மாதம் முதலாளியோடு காரில் ஒரு கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. சும்மா இருக்க முடியாமல் அவர் ஆரம்பித்தார்.

“அந்தப் பரீட்சையில என்னதான்டா பண்ணித் தொலைச்சான் நம்ம ரீடிங்கு? சும்மா போனாலே பாஸ் போடுவாங்களே!”

சொன்னேன். நான்கு துண்டையும், முள்ளையும், பாதியில் நின்ற எண்ணையும். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் ஸ்டீயரிங்கில் தாளம் போடுவதை நிறுத்தினார்.

“நாலு தடவையும் ஒரே நம்பரா?”

“ஆமா சார்.”

ரயில் போனது. நீளமான சரக்கு ரயில். அது முழுக்கப் போகும்வரை பெட்டிகளை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கும் அப்படித்தான்டா வந்துச்சு” என்றார். “எழுபத்தி நாலு. எங்க கிளாஸ்ல அந்த எக்ஸ்பெரிமெண்டை நெஜமா செஞ்சது அவன் ஒருத்தன்தான். நாங்க எல்லாம் கிரவுண்டுல இருந்தோம். தனியா நின்னு அஞ்சு துண்டையும் அடிச்சு, என்ன வந்துச்சோ அதை அப்படியே எழுதிட்டு வந்தான். அதுவரைக்கும் அவனுக்கு ஒரு நம்பரைக்கூட மாத்தி எழுதத் தெரியாது.”

“அவரு அதைச் சொல்லலையா சார்?”

“சொன்னான். எங்களையும் சொல்லச் சொன்னான். அவன் ஒருத்தன்தான் அடிச்சான்னு சொன்னா, நாங்க யாரும் அடிக்கலைன்னு ஆயிடுமே? நாப்பது பேரோட டிகிரிடா.”

“அப்ப நீங்க சொல்ற அந்தக் கதை...”

“உண்மையைச் சொன்னா யாரு சிரிப்பா?”

கேட் திறந்தது. பின்னால் வண்டிகள் ஒலியெழுப்பின. முதலாளி கியரைப் போட்டார். தண்டவாளத்தைத் தாண்டிய பிறகு, நான் கேட்காமலேயே இதையும் சொன்னார்.

“நானும் அவனைப் பாத்துத்தான் எழுதினேன். ஆனா மத்தவனுங்க மாதிரி அப்படியே எழுதல. கடைசி நம்பரை மட்டும் அங்கங்க மாத்திட்டேன். எழுபத்தி ரெண்டு, எழுபத்தி ஆறு, எழுபத்தி எட்டு. அந்த ஆள் என் நோட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாரு. அவனை நிக்க வெச்சு, அவனுக்குத்தான் காட்டினாரு. ‘பாத்துக்கோ, நெஜமா செஞ்சவன் நோட்டு இப்படித்தான் இருக்கும்’னு.”